புதுச்சத்திரத்தில் எட்டு நல்ல வயிறுகள்

பினாங்கிலிருந்து சேலம் பக்கம் வருகிறவர்கள் கோவிலுக்கு வருவார்கள், இல்லையென்றால் பெண் பார்க்க வருவார்கள். நான் அமிலம் எடுக்க வந்தேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, ஒரு கட்டு ரப்பர் குழாய்களைத் தூக்கிப் பிடித்து, இதெல்லாம் என்ன என்று கேட்டார். மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடுகிற குழாய் என்றேன். அவர் பெட்டியைத் தானே மூடி, பூட்டி, என் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார். அவ்வளவு சீக்கிரமாக நான் எந்த நாட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. இரைப்பைச் சுவரில் உள்ள செல் தானாக அமிலம் சுரப்பதில்லை. பக்கத்துச் செல்கள் சொல்லி அனுப்ப வேண்டும். ஹிஸ்டமின் போன்ற ஒரு ரசாயனம் அந்தச் சேதியைக் கொண்டுவந்து செல்லின் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே கொண்டுபோக இன்னொரு ரசாயனம் காத்திருக்கும். இந்தச் சேதிப் போக்குவரத்தில் நேரும் குளறுபடியால்தான் குடல்புண் வருகிறது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். சில வருடங்கள் கழித்து, பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் எங்கள் உறுதிக்கு ஒரு குறையும் இல்லை.

ஆய்வுக்குத் தலைவர் சென்னையைச் சேர்ந்த வயிற்று மருத்துவர், பேராசிரியர் சபேசன். அவர் இதைப் "பல துறை ஆய்வு" என்றுதான் சொல்வார், வெறும் ஆய்வு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பல துறை என்றால் மூன்று பேர். மருத்துவரான அவர், புள்ளியியல்காரரான கோபிநாத், உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கும் நான். ஒருவர் சொல்வது மற்ற இருவருக்கும் புரியாது என்பதால் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினோம். முதல் நாள் காலை புதுச்சத்திரத்துக்குப் புறப்பட்டோம். வயிற்றுச் சதைத் துணுக்குகளை உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அந்த வட்டாரத்தில் அது இருக்கும் ஒரே இடம் மாட்டு ஆஸ்பத்திரி. காளையின் விந்தை அதில்தான் பாதுகாத்து வைப்பார்கள். பால் கேன் போன்ற ஒரு பாத்திரத்தை இரவல் வாங்கி ஜீப்பில் ஏற்றினோம். மல்லூர் தாண்டியதும் ஜீப் இருமி இருமி நின்றது. சபேசன் இறங்கி அதன் முகப்பைத் திறந்து, ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஜீப் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

பாத்திரத்திலிருந்து நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் முன்னால் போவது என்று முடிவாயிற்று. காலி முட்டை அட்டைகளோடு வந்த ஒரு லாரி கையைக் காட்டியதும் நின்றது. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. பெயர் மாரப்பன்.

"ஏனுங்க, கேனுக்குள்ள என்னங்க, சினை ஊசிங்களா?" என்று கேட்டார்.

வயிற்று ஆராய்ச்சி என்றேன். அவர் அப்படியா என்று கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, அதிலிருந்த ஆப்ப சோடாவை வாயில் கொட்டித் தண்ணீர் குடித்தார். பிறகு இடது கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு வலது கையால் ஓட்டினார். கியர் மாற்ற வேண்டிய போது மட்டும் வயிற்றை விட்டார்.

"எத்தனை நாளாக இப்படி?"

"நாளுங்களா? ஆறு வருசமாச்சுங்க. பசியெடுத்தா வலிக்குமுங்க. ரெண்டு வாய் தின்னா அடங்கிக்கும்."

"வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறதா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லாரியும் கொஞ்சம் திரும்பியது. "பத்து நாளா தார் கணக்காத்தான் போவுதுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது, இப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொன்னேன். அவர் சோடாப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"ஓனருக்குத் தெரிஞ்சா வண்டிய உட்டு எறக்கிப்போடுவாருங்க. வவுத்துவலிக்காரன நம்பி ஆரு பம்பாய் லோடு ஏத்துவாங்க? மூணு நாள்ல லோடு இருக்குது. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் மறுநாள் முகாமுக்கு வர வேண்டும் என்றேன். "வாரேனுங்க" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியூர்க்காரனுக்கு நிம்மதி சுலபமாகக் கிடைத்துவிடும்.

முகாம் நடந்த இடம் குமரேசன் என்பவருடைய கோழித் தீவனக் கிடங்கு. மாரப்பனின் ஓனரும் அவர்தான். கோழிப்பண்ணை, ஒரு லாரி, வெள்ளைச் சட்டை, யாரைக் கண்டாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்கும் வாய். கிடங்கு முழுக்கக் கருவாட்டுத் தூள் வாசனை. பினாங்கில் இந்த வாசனை வந்தால் பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று அர்த்தம். இங்கே கோழிகளுக்குத்தான் அந்த யோகம். எங்களுக்கு மூன்று வேளையும் முட்டை. அவித்தது, பொரித்தது, குழம்பில் போட்டது. நான்காவது வேளை கொள்ளுப் பருப்பும் கம்பஞ்சோறும் வந்தபோது நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். "மலேசியா சாருக்கு நம்ம சோறு ஒத்துக்கலையாட்ட இருக்குது" என்று சொல்லி குமரேசன் உடனே இரண்டு ஆம்லெட் வரவழைத்தார்.

மற்ற இருவரும் ஜீப்பை மல்லூரிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் இரண்டு வரிசைகள் நின்றன. இடது பக்கம் வயிற்றுப்புண் உள்ளவர்கள். அவர்களுக்கு வாய் வழியாக விரல் தடிமன் உள்ள குழாயை விட்டு, உள்ளே பார்த்து, ஒரு துணுக்குச் சதை எடுத்து, ஒரு மாதத்துக்கு, அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை கொடுப்போம். அப்போது அந்த மாத்திரை புதிது. சேலத்து மருந்துக் கடைகளிலேயே லேசில் கிடைக்காது. வலது பக்கம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நலமானவர்கள். அவர்களுக்கு மறுநாள் மூக்கில் சன்னக் குழாய் விட்டு அமிலம் மட்டும் எடுப்போம், ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுப்போம். பெயர் எழுத சபேசன் தேர்ந்தெடுத்த ஆள் குமரேசன். இடத்துக்குச் சொந்தக்காரர், ஊரில் எல்லோரையும் தெரியும் என்று காரணம் சொன்னார். ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவரும் அவர்தான் என்பது பல துறைகளில் எந்தத் துறைக்கும் உறைக்கவில்லை.

இடது வரிசையில் எட்டுப் பேர். எல்லோரும் நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்கள். தோள் ஒவ்வொன்றும் கதவு அகலம். வலது வரிசையில் குமரேசனிடம் வேலை பார்க்கும் பதினொரு பேர். கன்னம் ஒட்டி, வயிற்றைப் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து நின்றார்கள். புதுச்சத்திரத்தில் நலம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரிசையில் நான்காவது ஆளாக மாரப்பன் நின்றார். என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சபேசனிடம் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாத கோழைத்தனம்.

அதற்குள் ஒரு விவசாயி பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நைட்ரஜன் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றார். இது மனிதர்களுக்கான முகாம் என்று கோபிநாத் விளக்கினார். அவர் பாத்திரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாட்டை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். எல்லோரும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். முதல் ஆளின் வயிற்றிலிருந்து மோர் வந்தது. "சோறு திங்கலீங்க. ரெண்டு முட்டையும் ஒரு சொம்பு மோரும்தானுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வெறும் வவுத்தோட ஆராச்சும் அனுப்புவாங்களா?" என்றார் அவர். மதியம் வரை காத்திருந்துதான் வேலையைத் தொடங்கினோம்.

எட்டுப் பேரும் அந்தக் குழாயை விழுங்கினார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒருவரும் கையைத் தட்டிவிடவில்லை. சபேசன் ஒவ்வொரு வயிறாகப் பார்த்தார். புண் இல்லை. எட்டிலும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். சபேசனுக்கு முகம் மலர்ந்தது. "புண்ணுக்கு முந்திய நிலை! வலி வந்துவிட்டது, புண் இன்னும் வரவில்லை. சேதிதான் கோளாறு. உலகத்தில் இதை யாரும் பார்த்ததில்லை" என்றார். உலகத்தில் ஆரோக்கியமான வயிற்றை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நலமானவர்களின் முறை. தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு அமிலத்தை அளந்தேன். நோயாளிகளின் அமிலம் சாதுவாக இருந்தது. நலமானவர்களின் அமிலம் பலகையில் சிந்திய இடத்தில், படிந்திருந்த தீவனச் சுண்ணாம்புத் தூள் நுரைத்தது. கோபிநாத் எண்களைக் கூட்டிக் கழித்துவிட்டு, எல்லாம் தலைகீழாக வருகிறது என்றார். தலைகீழாக வந்தால்தான் கண்டுபிடிப்பு என்றார் சபேசன். வெளிநாட்டு மாநாட்டில் எந்த நிறச் சட்டை போடுவது என்பதுவரை அவர் யோசித்திருப்பார்.

நான்காம் எண் மாரப்பனுடையது. அந்தக் குழாயில் வந்தது அமிலம் மட்டும் அல்ல. காப்பித்தூளைக் கரைத்ததுபோலக் கரும்பழுப்பாக இருந்தது. அமிலத்தில் வெந்த இரத்தம் அப்படித்தான் இருக்கும். நான் குழாயோடு ஓடினேன்.

சபேசன் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காலையில் காப்பி குடித்துவிட்டு வந்திருப்பான். கெட்டுப்போன சாம்பிள். கொட்டிவிடுங்கள்."

"இது இரத்தம், சார்."

"நலமானவர் வரிசையில் இரத்தம் எப்படி வரும்?"

"அவர் நலமானவர் இல்லை."

"பதிவேட்டில் நலமானவர் என்று இருக்கிறதே" என்றார், மிகவும் பொறுமையாக.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதில் பாதி அவர்மேல், பாதி என்மேல். மூன்று நாளாக நான் பொத்திவைத்திருந்த வாய் அப்போதுதான் திறந்தது, அதுவும் தப்பான இடத்தில். கிடங்குக்குப் பின்னால் லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பம்பாய் லோடு ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது. மாரப்பன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார், முகம் சாம்பல் பூத்திருந்தது. கீழே குமரேசன், பம்பாய் முட்டை ஏஜெண்ட், சுமை ஏற்றும் ஆட்கள் நான்கைந்து பேர். நான் குழாயைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன். இவர் வயிற்றில் புண் இருக்கிறது, இரத்தம் கொட்டுகிறது, வண்டி ஓட்டினால் வழியிலேயே செத்துப்போவார் என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

ஏஜெண்ட்தான் முதலில் வாயைத் திறந்தார். "வவுத்துப்புண்ணுக்காரன் கையிலயா என் லோட ஏத்தறீங்க?"

குமரேசன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. கையை மேலே நீட்டினார். "சாவியக் குடு சாமி."

மாரப்பன் சாவியைக் கொடுத்தார். "சொல்லமாட்டேன்னீங்களே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார். மூன்று அடி நடந்திருப்பார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தார். கரும்பழுப்பு, அதற்குப் பின்னால் சிவப்பு. அப்படியே சரிந்தார்.

சபேசனைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். சத்தம் கேட்டு வந்தவர், மாநாட்டையும் சட்டையையும் மறந்துவிட்டார். மண்ணில் மண்டியிட்டு நாடி பார்த்தார், தன் கையாலேயே ஊசி ஏற்றி உப்புத்தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டார், சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஜீப் இன்னும் மல்லூரில் ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. முட்டை லாரியிலேயே போனோம். ஓட்டியவர் குமரேசன். வண்டி வைத்திருப்பது வேறு, ஓட்டுவது வேறு என்பது முதல் வளைவிலேயே தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் முட்டைகள் உடையும் சத்தம் கேட்டது. ஏஜெண்ட் தெருவோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தார். மாரப்பனின் மனைவி பாவாயி கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாழ்வாரத்தில் நானும் குமரேசனும் மட்டும் நின்றோம்.

"அவனுக்கு வவுத்துவலின்னு எனக்கு ஆறு வருசமாத் தெரியுமுங்க" என்றார் அவர்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா நான் அவன வண்டிய உட்டு எறக்கோணும். எறக்கினா அவன் எங்க போவான்? அதனாலதான் தெரியாத மாதிரி இருந்தேன். நீங்க நாலு பேருக்கு முன்னால போட்டு ஒடச்சுப்போட்டீங்க."

"தெரியாத மாதிரி இருந்தே அவரைக் கொன்றிருப்பீர்கள்" என்றேன்.

"ஆமாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "அவன மாதிரி ஓட்டறதுக்கு ஆளும் கெடைக்காதுங்க" என்றும் சொன்னார். அவரை நல்லவர் என்று வைப்பதா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. இரக்கமும் சௌகரியமும் அவரிடம் ஒரே வெள்ளைச் சட்டைக்குள் இருந்தன.

நான்காம் நாள் காலை அறுவை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். அதற்கு இரத்தம் வேண்டும், பாட்டில் பாட்டிலாக. மாரப்பனின் உறவில் வந்தவர்கள் எல்லோரும் அவரைப் போலவே வெளுத்திருந்தார்கள். பத்து மணிக்குத் தாழ்வாரம் அதிர்ந்தது. பட்டறைக்காரர்கள் எட்டுப் பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

சபேசன் கையை விரித்து மறித்தார். "இவர்கள் என் நோயாளிகள். வயிற்றுப்புண்காரர்கள் இரத்தம் கொடுக்கக் கூடாது."

முன்னால் நின்ற முருகேசு என்பவர் தலையைச் சொறிந்தார். "எங்களுக்கு வவுத்துல ஒண்ணுமில்லீங்க டாக்டரய்யா."

"வலிக்கிறது என்று சொன்னாயே?"

"வலிக்குதுன்னு சொன்னாத்தானுங்க மாத்திரை குடுப்பீங்க? மாரப்பண்ணன் அந்த வரிசையில நின்னா ஓனரு பேரு எழுதிப்போடுவாரு. அதனால பாவாயியக்கா எங்களப் போகச் சொன்னாங்க. எட்டுப் பேரு, எட்டு மாச மாத்திரை. எல்லாம் அக்காகிட்டக் குடுத்தாச்சுங்க."

"அதற்காக அந்தக் குழாயை விழுங்கினீர்களா?"

"உசுரு போய்த் திரும்பி வந்துச்சுங்க" என்றார் முருகேசு. "அண்ணனுக்காகத்தானே?"

மற்ற ஏழு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்படியானால் வலது வரிசையில் நின்ற பதினொரு பேரும் யாரென்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கோபிநாத் மட்டும் மெதுவாக, எண்களை என்ன செய்வது சார் என்றார். சபேசன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருட்டிய சட்டைக் கைகளைப் பார்த்தார். "முதலில் இரத்தத்தை எடுங்கள்" என்றார். அன்று மாலை வரைக்கும் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

மாலையில், பதிவேட்டில் எழுதியதை மாற்றினால் ஆய்வே கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார். "புண்ணுக்கு முந்திய நிலை" வெளிநாட்டு மாநாட்டில் கைதட்டல் வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் பெயரை எடுத்துவிடும்படி எழுதினேன். எடுத்துவிட்டு, கட்டுரையின் அடியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஏழாம் நாள் நான் கிளம்ப வேண்டும். அதற்கு முன் மாரப்பனைப் பார்க்கப் போனேன். அறுவை முடிந்து கண் விழித்திருந்தார். கை இரண்டும் போர்வைமேல், ஸ்டியரிங்கைத் தேடுவதுபோல் கிடந்தன. பாவாயி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, குனிந்த தலையோடு கஞ்சியைத் தொடர்ந்து ஆற்றினார்.

"உசுர இழுத்துக் குடுத்துப்போட்டீங்க" என்றார் மாரப்பன். குரலில் பாராட்டு இல்லை. "வண்டி இல்லாம இதை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். உயிரைக் காப்பாற்றியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

அப்போது குமரேசன் உள்ளே வந்தார். பின்னாலேயே முருகேசுவும் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்களும். எல்லோரையும் அவர்தான் தன் லாரியில் ஏற்றிவந்திருந்தார். மாரப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். குமரேசன் அவர் தோளை அமுக்கிப் படுக்கவைத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி உரக்கப் பேசினார்.

"நம்ம வண்டிக்குக் கோளாறு மாரப்பா. பாடி பூரா ஆடுது. அக்கக்காக் கழட்டி முருகேசு பட்டறையில போட்டுட்டேன். எப்படியும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் பம்பாய் லைனே கெடையாது."

முருகேசு சிரிப்பை மிகவும் சிரமப்பட்டு அடக்கிக்கொண்டார். "மூணு மாசத்துக்குக் கொறஞ்சு முடியாதுங்க."

மாரப்பன் ஓனரைப் பார்த்தார். "சேசிஸு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"சேசிஸுக்கு ஒண்ணுமில்லை. வேற டிரைவரு கையில குடுக்கற நெலமையில அது இல்லை. ரெடியானதும் உனக்குத்தான் சொல்லியனுப்புவேன்." குமரேசன் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "சாரே பாத்தாருல்லங்க?"

பாவாயி கஞ்சியை ஆற்றுவதை நிறுத்தி, நான்கு நாளில் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பார்த்தேன்" என்றேன். "அக்கக்காகக் கிடக்கிறது."

அந்த நேரத்தில் சன்னலுக்கு நேர் கீழே, வாசலை அடைத்து நின்ற லாரியை நகர்த்தச் சொல்லி யாரோ திட்டினார்கள். வண்டியிலேயே இருந்த பட்டறை ஆள் யாரோ எஞ்சினைக் கிளப்பினார். ஏர் ஹார்ன் அலறியது. ஆறு வருடமாக அந்த ஹார்னை அடித்தவர் கட்டிலில் படுத்திருந்தார். அறையில் ஒருவரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை.